திரௌபதி எழுதிய கொலை

விருத்தாசலத்தில் காலை நேர ஷேர் ஆட்டோவில் போய்வருகிறவர்களுக்குத் திரௌபதியைத் தெரியாமல் இருக்காது. டிரைவருக்குப் பின்னால் ஓரத்து இடம்தான் அவளுக்கு. உட்கார்ந்ததும் பையிலிருந்து போனை எடுப்பாள், வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள், யாரையும் பார்க்காமல் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

“அவன் கழுத்தை இரண்டு கைகளும் இறுக்கின. கண்கள் பிதுங்கின. கால்கள் உதைத்துக்கொண்டன.”

பக்கத்தில் காய்கறிப் பையோடு இருக்கும் பெண் மெல்ல நகர்ந்து உட்காருவாள். புதிதாக ஏறியவர்கள் கண்ணாடி வழியாக டிரைவரின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர், “ஒண்ணுமில்லிங்க, கதை எழுதறாங்க” என்று சொல்லிவிட்டு கியர் மாற்றுவார்.

பேசினால் எழுதிக்கொள்ளும் வசதி அந்த போனில் இருந்தது. ஒரே ஒரு தொல்லைதான். ‘கொலை’ என்று எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் அது ‘கொலு’ என்றே எழுதிவைக்கும். ‘நள்ளிரவில் கொலு நடந்தது.’ ‘இந்தக் கொலுவைச் செய்த பாவி யார்?’ செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் பாக்கிங் வேலை திரௌபதிக்கு. நாளெல்லாம் கொலு பொம்மைகளைக் காகிதத்தில் சுற்றி, வைக்கோல் வைத்து அட்டைப்பெட்டியில் அடுக்குகிறவள். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று இந்த போனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருத்துவாள்.

கொலைக் கதைமீது அவளுக்கு ஆசை வந்தது மங்கலம்பேட்டையில். பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே ஒரு தையல் கடைக்குத் தையல் பழகப் போனாள். காத்திருக்கும் ஆட்கள் படிக்கட்டும் என்று கடைக்காரர் பழைய பாக்கெட் நாவல்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். அளவு குறித்துக்கொள்ள அவசரத்துக்குக் காகிதம் கிடைக்காதபோது அதே புத்தகங்களின் கடைசிப் பக்கத்தைத்தான் கிழிப்பார். அதனால் அந்தக் கடையில் எந்தக் கொலைக்கும் கொலைகாரன் கிடையாது. பட்டன் தைத்துக்கொண்டே திரௌபதி தானாக ஒருவனைப் பிடித்துக் கொடுப்பாள். மறுநாள் அவனை விட்டுவிட்டு வேறொருவனைப் பிடிப்பாள்.

பிறகு கல்யாணம், விருத்தாசலம், குழந்தை, கம்பெனி வேலை என்று காலம் ஓடியது. கணவன் சக்கரபாணி ஸ்ரீமுஷ்ணம் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவர். மகன் நந்தகுமார் ஓசூரில் வேலை கிடைத்துப் போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் குறைந்தது. டிவி பார்த்தாள், அலுத்தது. ஒருநாள் போனை எடுத்து, “செராமிக் கம்பெனி முதலாளியை மூன்று நாட்களாகக் காணவில்லை” என்று சொன்னாள். போன் எழுதிக்கொண்டது. அவ்வளவுதான், பிறகு நிறுத்த முடியவில்லை.

இதில் அதிகம் அவதிப்பட்டவன் சக்கரபாணிதான். ஒருநாள் இரண்டாவது தடவை சோறு போட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, ஒரு ஆளு செத்தா எத்தினி நாழி கழிச்சி ஒடம்பு வெரைக்கும்?”

சக்கரபாணி பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். “இந்தக் கொழம்ப நீ மொதல்ல ஒரு வாயி சாப்புடு.”

“கதைக்குங்க.”

“கதைக்கோ எதுக்கோ. நீ சாப்புட்டாதான் நான் சாப்புடுவேன்.”

அவள் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டிய பிறகுதான் அவன் கை அசைந்தது.

கதையை எழுத எழுத, கம்பெனிப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். அவர்களில் முதல் ஆளாகப் படித்துவிடுகிறவள் துர்கா. சக்கரபாணியின் தங்கை. பக்கத்துத் தெருவில் வீடு, அதே கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலை. அண்ணியின் கதையென்றால் துர்காவுக்கு உயிர். ஆனால் எதையும் வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாது. நேற்றுக் கேட்டதை இன்றைக்கு ஊருக்கே சொல்லிவிட்டு, “யாருகிட்டயும் சொல்லாதீங்க” என்று முடிப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனிக்கு ஒரு ஆர்டர் வந்தது. பொம்மை அல்ல, வெள்ளைக் குவளைகள். முதலாளி கொளஞ்சிநாதன் பாக்கிங் அறைக்கே வந்து, “பாத்து சுத்துங்கம்மா. எழுத்தாளருங்களுக்குப் போவுது. ஒண்ணு ஒடஞ்சாலும் பேப்பர்ல எழுதிடுவாங்க” என்றார்.

திரௌபதி ஒரு குவளையைத் திருப்பிப் பார்த்தாள். நீலத்தில் ஒரு பேனா. அதன் கீழே, ‘எழுத்தாளர் மாநாடு, விருத்தாசலம்.’ சனி, ஞாயிறு தேதிகள். கடலூர் ரோட்டில் அவள் தினமும் தாண்டிப்போகிற கல்யாண மண்டபத்தின் பெயர்.

“ஐயா, இதுக்கு யாரு வேணா போவலாமா?”

“போவலாம்போலதான் இருக்குது. வளரும் எழுத்தாளருக்குன்னு தனியா ஒரு நேரம் வச்சிருக்காங்களாம். ஏன், யாரு எழுதறா இங்க?”

எல்லோரும் திரௌபதியைப் பார்த்தார்கள். கொளஞ்சிநாதனும் பார்த்தார். “அட!” என்றார். “என்னா எழுதற?”

“குடும்பக் கதைங்க” என்றாள் திரௌபதி. அதில் முதல் பக்கத்திலேயே செராமிக் முதலாளி காணாமல் போகிறார் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை காலையில் துர்காவும் கிளம்பி வந்துவிட்டாள். போன தீபாவளிக்கு எடுத்த பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை.

“கல்யாணத்துக்கா போறோம்?”

“கல்யாண மண்டபத்துக்குத்தானே போறோம் அண்ணி.”

திரௌபதியும் உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டாள். மண்டபத்தில் போய் இறங்கினால் எல்லோரும் கசங்கிய கதர்ச் சட்டையிலும் நூல் புடவையிலும் இருந்தார்கள். தோளில் துணிப்பை. வாசலில் பன்னீர் சொம்பு இல்லாத குறையாக இவர்கள் இருவரும் மட்டும் ஜொலித்துக்கொண்டு நின்றார்கள். மணப்பெண்ணின் சித்தி, பெரியம்மா வந்துவிட்டதாக நினைத்தாரோ என்னவோ, மண்டப வாட்ச்மேன் ஓடிவந்து, “இன்னைக்கு விசேஷம் எதுவும் இல்லிங்களே” என்றார்.

பதிவு செய்யும் மேசையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள். “படைப்பாளரா, பார்வையாளரா?”

திரௌபதி துர்காவைப் பார்த்தாள். படைப்பாளர் என்று சொன்னால், என்ன புத்தகம் போட்டிருக்கிறீர்கள் என்று அடுத்துக் கேட்பார்கள். பார்வையாளர் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

“அவங்க படைப்பாளருங்க” என்றாள் துர்கா. “நாலு பேரைக் கொன்னிருக்காங்க. நான் சும்மா கூட வந்தேன்.”

அந்தப் பெண் அப்போது நிமிர்ந்தாள். சிரித்துவிட்டு, மாலை அமர்வில் கதை வாசிக்கிறவர்களோடு திரௌபதியின் பெயரையும் சேர்த்துக்கொண்டாள். ஆளுக்கு ஐந்து நிமிடம், மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும்.

காலை முழுக்கக் கூட்டம். மேடையில் ஒருவர் படைப்பும் காலமும் என்று பேசினார். திரௌபதிக்குப் பாதி புரிந்தது. புரியாத பாதியும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. தன்னைப்போல ஒன்றுமில்லாததை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே அவளுக்கு ஆச்சரியம். முன்வரிசையில் இரண்டு பேர் ஒரு வார்த்தைக்காகக் குரல் உயர்த்திச் சண்டை போட்டார்கள். ஊரில் வரப்புக்குச் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறாள், வார்த்தைக்கு இப்போதுதான் பார்க்கிறாள். சாப்பாட்டுப் பந்தியில் அதே இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் இலைக்கு இன்னொருவர் அப்பளம் தள்ளினார்கள். துர்கா மின்விசிறிக்குக் கீழே நல்ல இடமாகப் பார்த்துக் கொஞ்சம் தூங்கினாள்.

மாலை அமர்வுக்கு நடுவராக வந்தவர் ஆன்றோ. புதுச்சேரியில் சின்னதாக ஒரு பதிப்பகம் வைத்திருப்பவர். பாக்கெட் நாவல்களும் போடுகிறவர் என்று அறிமுகம் செய்தபோது திரௌபதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதலில் வாசித்த இளைஞன் மழையைப் பற்றி வாசித்தான். அடுத்து வந்தவரும் மழை. மூன்றாவதாகத் திரௌபதி.

போனைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினாள். முதலில் குரல் எழும்பவில்லை. “சத்தமா, சத்தமா” என்றார்கள் பின்னாலிருந்து. ஷேர் ஆட்டோவில் இருப்பதாக நினைத்துக்கொண்டாள். குரல் வந்துவிட்டது.

கதை இதுதான். விருத்தாசலத்தில் செராமிக் முதலாளி ஒருவர் காணாமல் போய்விடுகிறார். வெளிநாட்டுக்கு ஓடிவிட்டார் என்கிறது ஊர். மாதங்கள் போகின்றன. நவராத்திரி வருகிறது. சிதம்பரத்தில் ஒரு வீட்டுக் கொலுவில், கடை வைத்திருக்கும் செட்டியார் பொம்மையைப் பூனை தட்டிவிடுகிறது. பொம்மை உடைகிறது. வீட்டுக்காரம்மாள் துண்டுகளைக் கூட்டி அள்ளும்போது கையில் ஏதோ தட்டுப்படுகிறது...

“அவள் அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அது...”

மணி அடித்தது.

திரௌபதி சொன்ன சொல் தவறாதவள். போனை அணைத்துவிட்டு வணக்கம் சொல்லிக் கீழே இறங்கப் போனாள்.

“ஏம்மா! என்னா இருந்துச்சு?” என்று ஒரு பெரியவர் எழுந்தே விட்டார். “நேரம் முடிஞ்சிடுச்சுங்க” என்றாள் திரௌபதி. மண்டபம் இரைந்தது. காலையில் வார்த்தைக்குச் சண்டை போட்ட இருவரும் இப்போது ஒரே கட்சியாகி, “அது அநியாயம், சொல்லச் சொல்லுங்க” என்றார்கள். ஆன்றோ சிரித்துக்கொண்டே மணியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தார். “ஒரு வரிம்மா. ஒரே வரி.”

“அது காணாமல்போன முதலாளியின் மோதிரம்” என்று வாசித்தாள்.

கைதட்டல் கேட்டது. பொம்மைகளையே பார்த்துப் பார்த்து வேலை செய்தவளுக்கு, அத்தனை முகங்களும் தன்னைப் பார்த்து ஒரே சமயத்தில் அசைந்தது திகைப்பாக இருந்தது. இறங்கி வரும்போது படிக்கட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆன்றோ அவளை அழைத்து, “டீ குடிச்சிட்டு வாங்க, பேசலாம்” என்றார்.

அந்த டீ வேளையில்தான் வினை வந்தது. திரௌபதியைச் சுற்றி நின்றவர்கள், கொன்றது யார், கொன்றது யார் என்று கேட்டார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. “படிச்சுதான் தெரிஞ்சிக்கணும்” என்று சொல்லிப் பார்த்தாள். அப்படிச் சொல்வதே இனிப்பாக இருந்தது. அந்தப் பக்கம் வடைக்கு வரிசை நின்றது. அதில் துர்கா நின்றாள். அவள் திரௌபதிக்கு உறவு என்று எப்படியோ தெரிந்துவிட, முன்னால் இருந்தவர் கேட்டார், பின்னால் இருந்தவர் கேட்டார். துர்கா எவ்வளவு நேரம்தான் தாங்குவாள்? வடை கைக்கு வருவதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது.

திரௌபதி போய் எதிரில் உட்கார்ந்ததும் ஆன்றோ கேட்டார். “கொன்னது மொதலாளியோட மச்சான்தானேம்மா?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஒங்களுக்கு யாரு சார் சொன்னா?”

“வடை வாங்கப் போனேன். அங்க எல்லாரும் அதத்தான் பேசிக்கறாங்க.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது போவட்டும். பெரிய மீசை, சிவப்புக் கண்ணு, மொதலாளியோட தீராத சண்டை. சரிதானா?”

“சரிதாங்க.”

“அவன் உள்ள நுழையும்போதே படிக்கிறவங்க கையில வெலங்கோட நின்னுக்கிட்டு இருப்பாங்க. ஒங்க தொடக்கம் நல்லா இருக்குது. நெசமாவே நல்லா இருக்குது. ஆனா கொலைகாரன் சரியில்ல. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். ஏதாவது தோணுச்சுன்னா வாங்க.”

வெளியே வந்தபோது துர்கா இரண்டு வடையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு நின்றாள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“ஒருத்தர்கிட்டதான் அண்ணி சொன்னேன். யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு வேற சொன்னேன்.”

திரௌபதி ஆட்டோவில் ஏறவில்லை. பாலக்கரை வரைக்கும் நடந்தாள். பட்டுப்புடவை சரசரக்கத் துர்கா பின்னாலேயே ஓடிவந்தாள். ஒரு ஜூஸ் கடை வாசலில் பெஞ்சு காலியாக இருந்தது. துர்கா கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, ரெண்டு சாத்துக்குடி சொன்னாள்.

“என்னைத் திட்டிடுங்க அண்ணி. இப்படி இருக்காதீங்க.”

“ஒன்னைத் திட்டி என்னாடி ஆவப்போவுது? நீ சொல்லலன்னாலும் அவரு கண்டுபுடிச்சிருப்பாரு. கதை அப்படி இருக்குது.” திரௌபதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மச்சான்தான் கொன்னான்னு கொழந்தைக்குக்கூடத் தெரியும்.”

துர்கா ஜூஸை உறிஞ்சினாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அண்ணி, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே? மச்சான்காரன் மோதிரத்த அச்சுக்குள்ள இருக்கற ஈரப் பொம்மையில போட்டான்னு எழுதியிருக்கீங்க இல்ல? அப்பறம் அது சூளைக்குத்தானே போவும்?”

“போவும். அதுக்கென்னா?”

“அந்தச் சூட்டுல மோதிரம் உருவாதா?”

திரௌபதி கிளாஸைக் கீழே வைத்தாள்.

“நான் வந்த புதுசுல சூளையில அடுக்கற வேலைதானே பாத்தேன்? ஒருத்தியோட தோடு தெரியாம உள்ள வுழுந்துடுச்சி. ஆறின பொறவு தொறந்து பாத்தா, தட்டுல சொட்டு மாதிரி ஒட்டிக்கிட்டுக் கெடக்குது. எங்க தோடு, எங்க திருகாணின்னே தெரியல.”

“இத ஏன்டி இத்தினி நாளா சொல்லல?”

“கதைதானே, கதையில உருவாதுபோலன்னு நெனச்சிக்கிட்டேன்.”

அந்தத் தெருவில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. திரௌபதிக்கு ஒன்றும் காதில் விழவில்லை. மோதிரம் சூளைக்குப் போகவில்லை. அப்படியென்றால் வெந்து, வர்ணம் பூசி, எல்லாம் முடிந்த பிறகுதான் உள்ளே போயிருக்க வேண்டும். முடிந்த பொம்மைக்குள் எப்படிப் போகும்? அடியில் இருக்கும் ஓட்டை வழியாக. ஆடினால் சத்தம் கேட்கும், அதனால் பஞ்சு வைத்து அடைத்திருக்க வேண்டும். ஓட்டை தெரியாமல் மேலே கம்பெனி லேபிளை ஒட்டியிருக்க வேண்டும். பஞ்சு யாரிடம் இருக்கிறது? லேபிள் யாரிடம் இருக்கிறது?

“துர்கா” என்றாள். குரலே மாறியிருந்தது. “பாக்கிங்ல இருக்கறவடி! அவதான் கொன்னது!”

“எவ?”

“கதையில வராளே செல்லம். எல்லாருக்கும் டீ ஊத்திக் குடுப்பாளே, போலீசு வந்தா நாற்காலி எடுத்துப் போடுவாளே, அவ.”

துர்காவின் வாயிலிருந்து ஸ்டிரா நழுவியது. “ஐயையோ அண்ணி, அது நீங்கதானே! ஒங்கள மாதிரியே பேசுவான்னு நாங்கல்லாம் சிரிப்போமே!”

“நான்தான்” என்றாள் திரௌபதி. “நான்தான்டி கொன்னுட்டேன்!”

ஜூஸ் கடைக்காரர் மிக்சியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். துர்கா அவரிடம் கையை ஆட்டி, “ஒண்ணுமில்லிங்கண்ணா, கதை” என்றாள். அன்றைக்கு அவள் அதற்குமேல் ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. வீடு போகும்வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சக்கரபாணிக்கு வண்டி இல்லை. அவனே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து மண்டபத்தில் விட்டான். நேற்றைய பட்டு இல்லை, வேலைக்குக் கட்டும் புடவைதான். ஆன்றோ டிபன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“சார், கொலைகாரி கெடச்சிட்டா.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைக் காட்டினார். அவள் மோதிரம் சூளையில் உருகிவிடும் என்பதைச் சொன்னாள், பஞ்சைச் சொன்னாள், லேபிளைச் சொன்னாள். செல்லம் என்றதும் அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

“நல்லா இருக்குது. ஆனா அவ ஏன் கொல்லணும்? டீ ஊத்திக் குடுக்கற பொம்பள அவ.”

அதை அவள் விடியற்காலையில் இட்லித் தட்டுக்குத் துணி விரிக்கும்போது யோசித்து வைத்திருந்தாள். “அவ வூட்டுக்காரனும் அதே கம்பெனிதான் சார். மண்ணு அரைக்கிற மிசின்ல சிக்கிச் செத்துட்டான். மிசினு ரிப்பேரு. மொதலாளி போலீசுல என்னா சொன்னாரு தெரியுமா? குடிச்சிட்டு வந்து தானா வுழுந்துட்டான்னு எழுதிக் குடுத்துட்டாரு. அவன் வாழ்நாள்ல குடிச்சதே கெடையாது சார். ஊரு பூரா அவனக் குடிகாரன்னு பேசுது. புள்ளைய ஸ்கூல்ல குடிகாரன் மவன்னு கூப்புடறாங்க. செத்தத அவ தாங்கிக்கிட்டா. இத அவளால தாங்க முடியல.”

ஆன்றோ அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“அப்ப மோதிரத்த ஏன் பொம்மைக்குள்ள வைக்கணும்? ஆத்துல வீசியிருக்கலாமே?”

“வீசிட்டா யாருக்கும் தெரியாமயே போயிடுமே சார். என்னைக்காவது ஒருநாள் ஒடையட்டும், யாராவது வந்து ஏன்னு கேக்கட்டும்னு இருந்துச்சு அவளுக்கு. கேட்டாத்தானே அவன் குடிகாரன் இல்லன்னு அவ சொல்ல முடியும்?”

சொல்லி முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தான் உண்டாக்கின ஒருத்திக்காகத் தான் அழுவதா என்று வெட்கமாக இருந்தது. ஆன்றோ தன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“எழுதி அனுப்புங்கம்மா. பொங்கலுக்குள்ள அனுப்புங்க. நான் போடறேன். மீசைக்காரன எடுத்துடாதீங்க, அவன் இருக்கட்டும். எல்லாரும் அவனயே பாத்துக்கிட்டு இருக்கட்டும்.”

மாநாடு முடிந்து கிளம்பும்போது எல்லோருக்கும் நினைவுப்பரிசு கொடுத்தார்கள். திரௌபதிக்குத் தன் கையாலேயே சுற்றிய குவளையில் ஒன்று கிடைத்தது. தானே மடித்த காகிதத்தைத் தானே பிரிப்பது வேடிக்கையாக இருந்தது. வாசலில் காத்திருந்த சக்கரபாணியிடம், “ஏங்க, எம் புக்கு வரப்போவுது” என்றாள். அவன் வண்டியை உதைக்கவே மறந்துபோய், “நெசமாவா?” என்றான். அப்புறம், “கொலைகாரன் யாருன்னு சொல்லேன்” என்றான். “படிச்சுத் தெரிஞ்சிக்குங்க” என்று பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

எழுதுவது சொன்னதுபோலச் சுலபமாக இல்லை. ஒரு இடத்தில் செல்லத்தை மாற்றினால் இன்னொரு இடத்தில் இடித்தது. முன்பு பத்து வரியில் டீ ஊற்றிவிட்டுப் போனவள் இப்போது ஒவ்வொரு முறை டீ ஊற்றும்போதும் திரௌபதி போனை நிறுத்திவிட்டு யோசித்தாள். இருமலோடு எழுதினாள், மழையில் ஆட்டோ கிடைக்காமல் நின்றுகொண்டு எழுதினாள். ஷேர் ஆட்டோவில் தினமும் வருகிறவர்கள், “என்னாம்மா, இன்னைக்கு யாரு?” என்று கேட்கும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். கடைசி அத்தியாயத்தை மட்டும் அவள் யாருக்கும் அனுப்பவில்லை. துர்காவே கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள், “எனக்கு வேணாம் அண்ணி, என்னால ஆவாது” என்று.

வெயில் தொடங்கும் சமயம் புத்தகம் வந்தது. சின்னது, சட்டைப் பையில் அடங்கும். அட்டையில் உடைந்த செட்டியார் பொம்மை. பெயர் அச்சில் வந்திருந்த இடத்தைத் திரௌபதி விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பஸ் ஸ்டாண்டு கடையில் அதை வாங்கிய சக்கரபாணி, ஸ்ரீமுஷ்ணத்தில் வண்டி நிற்கும் நேரங்களில் படித்து முடித்தான். வீட்டுக்கு வந்து, “அவ பாவம்டி” என்றான். மறுநாள் முதல் அவள் கொடுக்கும் டீயைக் கொஞ்சம் மரியாதையாகவே வாங்கிக்கொண்டான்.

கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பெண்கள் அதை வட்டமாக உட்கார்ந்து சத்தமாக வாசித்தார்கள். ஒருத்தி வாசிக்க, தொண்டை காய்ந்தால் இன்னொருத்தி வாங்கிக்கொண்டாள். பெட்டி ஏற்றும் ஜெயராஜ் கதவோரம் நின்று கேட்டார். தினம் கொஞ்சமாகப் போய், ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பக்கம் வந்தது. இன்ஸ்பெக்டர் செல்லத்தின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அவள் உள்ளே வரச் சொல்லி டீ ஊற்றுகிறாள். “கேளுங்க சார், எல்லாத்தையும் சொல்றேன்” என்கிறாள். அதோடு கதை முடிந்துவிடுகிறது.

ஒரே சமயத்தில் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். கொலை கொலைதான், ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான் என்றாள் தங்கம்மாள். அவளுக்குத்தான் அங்கே வயது அதிகம். அப்ப அந்தப் பிள்ளையை யார் பார்ப்பது என்று பாக்கியமேரி சண்டைக்கு வந்தாள். ஜெயராஜ், ஆயுள் தண்டனை வேண்டாம், கொஞ்ச வருஷம் போதும் என்று நடுவில் நின்றார். துர்கா எழுந்து நின்று, இன்ஸ்பெக்டர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார் என்று எழுதியிருக்கலாம் என்றாள். சாப்பாட்டு நேரம் முடிந்தது யாருக்கும் தெரியவில்லை.

சத்தம் கேட்டு கொளஞ்சிநாதன் வந்துவிட்டார். அவர் சட்டைப் பையிலும் அந்தப் புத்தகம் இருந்தது. எல்லோரும் அடங்கிப்போனார்கள். திரௌபதி எழுந்து நின்றாள்.

“குடும்பக் கதைன்னு சொன்ன” என்றார்.

“ஐயா, அது நீங்க இல்லிங்க. நீங்க மோதிரமே போடறது இல்லியே.”

அவர் தன் விரல்களை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். “நம்ம மண்ணு அரைக்கிற மிசினுக்கும் கம்பிக் கூண்டு போடச் சொல்லிட்டேன். நேத்துதான் ஆளு வந்து அளவு எடுத்துட்டுப் போனான்” என்றார். அவர் போகத் திரும்பினார். பிறகு நின்றார்.

“என்னா சண்டை இங்க?”

“செல்லத்த ஜெயிலுக்கு அனுப்பணுமா, வேணாமான்னு” என்றாள் துர்கா.

கொளஞ்சிநாதன் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். வாசித்தார். மூடி வைத்தார்.

“வுட்டுடலாம்மா” என்றார். “அந்தாளு பண்ணதும் தப்புதானே.”